ஓய்வுக்குப் பிறகு ஒரு பிடிப்பு: முதியோர் அமைப்பில் தொண்டராகச் சேரலாமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் இருக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேரும் ரொறன்ரோவில். "காலமை கோயில், மத்தியானம் சமையல், பின்னேரம் நாடகம், இரவில் பிள்ளைகளின் கோல். நாள் போகிறது, ஆனால் எதற்காக எழும்புகிறேன் என்று தெரியவில்லை. சாதி சமயம் பார்க்காமல் முதியோரைச் சேர்த்து நடத்துகிற ஒரு அமைப்பு இங்கே இருக்கிறது, தொண்டராக வரச்சொல்லிக் கேட்கிறார்கள். போனால் வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வருமா, இல்லாவிட்டால் மற்ற ஆட்களின் கஷ்டத்தைப் பார்த்து இன்னும் உடைந்துபோவேனா?" இதுதான் கேள்வி.

ரீச்சர், போங்கள். பிடிப்பு வரும். ஆனால் அது எங்கேயிருந்து வரும் என்பதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தவறான இடத்தில் அதைத் தேடிவிட்டு மூன்று மாதத்தில் விட்டுப்போன நல்ல மனிதர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். சமூக சேவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு, இப்படியான ஒரு அமைப்பில்தான் நானும் இருக்கிறேன்.

"நல்ல காரியம் செய்கிறேன்" என்ற நினைப்பு ஒரு ஆளைக் கனகாலம் நடத்தாது. முதல் சில கிழமை மனம் நிறைந்து இருக்கும், பிறகு ஒரு மழை நாளில் சைக்கிளை எடுக்கப் பஞ்சியாக இருக்கும்போது அந்த நினைப்பு உங்களைப் படலைக்கு வெளியே கொண்டுபோகாது. கொண்டுபோவது வேறு ஒன்று: புதன்கிழமை மூன்று மணிக்கு ஒரு ஆச்சி விறாந்தையில் கதிரையைப் போட்டு ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு இருப்பா என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் போகாவிட்டால் அவ மூன்றரைக்கு எழும்பி உள்ளே போவா. அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், ஓய்வோடு உங்களை விட்டுப் போனது வேலை மட்டும்தானா? ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் அடுத்த நாள் "ஏன் ரீச்சர் நேற்று வரவில்லை?" என்று நாற்பது வாய் கேட்டிருக்கும். இப்போது அப்படிக் கேட்க யாரும் இல்லை. நீங்கள் பிடிப்பு என்று சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். உங்களை எதிர்பார்த்து ஒரு ஆள், குறித்த நேரத்தில், பெயரோடு இருக்க வேண்டும்.

ஆய்வு என்று கேட்டால் அதுவும் இருக்கிறது. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 13,000 பேரை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்து 2020 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வருஷத்துக்கு 100 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் தொண்டு செய்தவர்கள், அதாவது கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் அளவில், செய்யாதவர்களை விடக் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள், உடம்பால் இயங்குவதில் தடை குறைவு, வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்ற உணர்வும் கூட. ஆனால் சீனி வருத்தம், பிறசர், இருதய வருத்தம் மாதிரியான நாட்பட்ட நோய்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே தெம்பாக இருக்கிறவர்கள்தான் தொண்டுக்குப் போவார்கள் என்ற வாதத்தையும் முழுதாகத் தள்ள முடியாது, அதைக் கழித்துப் பார்க்க அவர்கள் முயன்றிருக்கிறார்கள் என்றாலும். எனக்கு அதில் பிடித்தது அந்த இரண்டு மணித்தியாலம்தான். ஒரு ஆள் தன் முழு வாழ்க்கையையும் அர்ப்பணிக்கத் தேவையில்லை. கிழமையில் ஒரு பின்னேரம் போதும், ஆனால் தவறக்கூடாது.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1981 இல், அப்போது இதோடு சேர்ந்திருந்த கிளிநொச்சியை விட்டுப் பார்த்தாலும் ஏழு லட்சத்துக்கு மேல் சனம் இருந்த மாவட்டம் இது. 2012 கணக்கெடுப்பில் 5,83,882. அந்த இடைவெளியில் போன ஆட்கள் பெரும்பாலும் இளம் ஆட்கள், விட்டுப்போனது பெற்றோரையும் வளவையும். அதனால் இங்கே முதுமைக்கு ஒரு தனி முகம் இருக்கிறது. ஆறு அறை வீடு, மாபிள் நிலம், கமெரா, தண்ணீர் மோட்டார், எல்லாம் இருக்கும். அதற்குள் ஒரு ஆள் ஒரு அறையில் மட்டும் லைற் போட்டுக்கொண்டு இருப்பார். காசு வரும். காசு வருகிற வீட்டுக்கு உதவி தேவை என்று ஊர் நினைக்காது. இன்னொரு பக்கம், வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத, காணியும் இல்லாத முதியவர் அரசின் அஸ்வெசும உதவிப் பட்டியலில் தன் பெயர் வந்ததா என்று கேட்கப் பிரதேச செயலகத்து வாசலில் நிற்பார். இந்த இரண்டு பேரும் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்தாலும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதே இல்லை. உங்களைக் கூப்பிட்ட அமைப்பு இந்த இருவரையும் ஒரே மண்டபத்தில் இருத்துகிறது என்றால், அது லேசான வேலை இல்லை.

எல்லோரையும் சேர்ப்பது என்று சொல்வது சுலபம், எங்கள் மண்ணில் அதைச் செய்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று எண்பதில் இருக்கிற ஒரு ஆள், 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனபோது இருபது வயதுக்காரர். 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயில் கதவு யாருக்குத் திறக்கும் என்ற போராட்டம் நடந்தபோது அவருக்குக் கலியாண வயது. 1957 இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் தேத்தண்ணிக் கடையில் ஒடுக்கப்பட்ட சாதி ஆட்களுக்கென்று வைத்த தனிப் பேணியைப் பார்த்தவர்கள், அதில் குடித்தவர்கள், குடிக்கக் கொடுத்தவர்கள் எல்லோரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள்தான் எங்கள் முதியோர். இது புத்தகத்து வரலாறு இல்லை ரீச்சர், இது கதிரை போடுகிற விஷயம்.

எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு அம்மா, கள்ளுச் சீவல் தொழில் செய்த குடும்பம், முதல் தடவை வந்தபோது இருபது கதிரை வெறுமையாக இருக்க, கதவடியில் சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றா. "இருங்கோ அம்மா" என்றால் "நான் நிக்கிறன் பிள்ளை, எனக்கு இப்பிடித்தான் வசதி" என்பா. அதே கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிற இன்னொரு ஆச்சி வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவருவா, ரீ தந்தால் "இண்டைக்கு விரதம்" என்பா, எல்லாக் கிழமையும் விரதம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

இதற்கு உபதேசம் பலன் தராது. எழுபது வருஷப் பழக்கத்தை ஒரு பேச்சால் மாற்றமுடியும் என்று நினைக்கிற இளம் தொண்டர்கள் வருவார்கள், கொதித்துப்போய்த் திரும்புவார்கள். பலன் தந்தது சின்ன ஒழுங்குகள். கதிரைகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டோம், வட்டத்தில் முன்னுமில்லை கடைசியுமில்லை. ரீ ஊற்றுகிற வேலையை முறைவைத்து எல்லோருக்கும் கொடுத்தோம், அந்த அம்மாவின் முறை வந்தபோது அவவே ஊற்றினா. அன்றைக்கு எழும்பிப்போனவர்கள் இரண்டு பேர், அவர்களைத் தடுக்கவுமில்லை, முறையை மாற்றவுமில்லை. ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் வரவேயில்லை. விரத ஆச்சி இன்றுவரை அந்த ரீயைக் குடிக்கவில்லை. ஆனால் போன மழைக்கு அந்த அம்மா காய்ச்சலில் வராமல் விட்டபோது "அவ எங்கை, ஆர் போய்ப் பாத்தது?" என்று முதல் கேட்டது விரத ஆச்சிதான். இதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் அவசரப்படவுமில்லை. கதவடியில் நின்ற அம்மா இப்போது வட்டத்தில் இருக்கிறா, எனக்கு அதுதான் முக்கியம்.

சமயமும் இப்படித்தான், நாள் பார்ப்பதிலேயே தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை வைத்தால் சைவ ஆட்களுக்கு விரதமும் கோயிலும், முஸ்லிம் ஆட்களுக்கு ஜும்ஆ. ஞாயிறு வைத்தால் குருநகர், பாசையூர் கத்தோலிக்க ஆட்களுக்குப் பூசை. அதனால் நாங்கள் புதன். சாப்பாடு மரக்கறி, அப்படியென்றால் ஹலால் பிரச்சினையும் இல்லை, விரதப் பிரச்சினையும் இல்லை. இன்னொன்று சொல்கிறேன். 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995 இல் அதே ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் மழைக்குள் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. சோனகதெருவுக்குத் திரும்பி வந்திருக்கிற ஒரு முஸ்லிம் ஐயாவும் உரும்பிராய் ஐயா ஒருவரும் எங்கள் மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து இதைக் கதைத்தார்கள். ஒருவர் கொண்டுபோனதைச் சொன்னார், மற்றவர் கொண்டுபோக விடாததைச் சொன்னார். அது சமமான கதை இல்லை, ஒரு கதை மற்றதை ரத்துச் செய்யவும் இல்லை. உரும்பிராய் ஐயா கடைசியில் "நாங்கள் அப்ப பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்று மட்டும் சொன்னார். ஒரு தொண்டராக அந்த நேரத்தில் உங்களுடைய வேலை வாயைத் திறக்காமல் இருப்பது. ரீச்சர்மாருக்கு இது கொஞ்சம் கஷ்டம், தொகுத்துச் சொல்லிப் பழகியவர்கள்.

சாதி, சமயத்தோடு இது முடிந்துவிடாது. எங்கள் பகுதியில் ஒரே வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஊர் அவர்களைச் சிநேகிதிகள் என்றது, அவர்கள் தங்களை எதுவென்றும் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது படிவத்தில் "நோயாளிக்கு என்ன முறை" என்ற இடத்துக்கு மற்றவர் எழுத ஒரு சொல் இருக்கவில்லை. வருஷக்கணக்காகப் பேசாத பெறாமகன் வந்து கையெழுத்து வைத்தார். இவ வெளியே வாங்கில் இருந்தா. இந்த நாட்டில் ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்குகிற, தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லியும் சட்டம் மாறவில்லை. ஆகவே வயதான ஒரு ஆள் தன்னைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பதிவுப் புத்தகத்தில் "உறவினர்" என்ற இடத்தை எடுத்துவிட்டு "அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும்?" என்று போட்டோம். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது: பக்கத்து வீட்டுக்காரி, பழைய மாணவன், ஓட்டோக்காரத் தம்பி. கலியாணம் முடிக்காதவர், விட்டுப்போனவர், பெண்ணாக வாழ்கிற திருநங்கை, யாருக்குமே அந்தக் கேள்வி குத்தாது. நீங்கள் சேரப்போகிற இடத்துப் படிவத்தை ஒருதடவை வாங்கிப் பாருங்கள். அந்த அமைப்பு உண்மையாகவே எல்லோருக்குமானதா என்பது அதில் தெரிந்துவிடும்.

நீங்கள் போய் என்ன செய்வீர்கள் என்று இப்போது சொல்கிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை, எல்லாம் சின்ன வேலை, ஆனால் செய்ய ஆள் இல்லாத சின்ன வேலை. உதயன் அல்லது வலம்புரியை வாசித்துக் காட்டுவது, கண்ணில் புரை விழுந்த ஐயாமாருக்கு. முதலில் மரண அறிவித்தல் பக்கம்தான் வேண்டும் என்பார்கள், முகம் சுளிக்காமல் வாசியுங்கள், தங்களுடைய காலத்து ஆட்களில் யார் மிச்சம் என்று பார்க்கிறார்கள். 60 வயது தாண்டியவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பது. அதை வைத்திருந்தால் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் முன்னுரிமை கேட்கலாம், பலரிடம் அது இல்லை. போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு விடியவே கூட்டிக்கொண்டுபோய் நம்பர் எடுத்து, பெயர் கூப்பிடும்வரை பக்கத்தில் இருப்பது.

மருந்து விஷயத்தில் ரீச்சர்மாரின் கண் மிகவும் உதவும். ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் எல்லாக் குளிசையும் ஒன்றாகக் கிடக்கும். கிளினிக்கில் தந்தது, தனியார் டொக்டர் எழுதியது, மகள் லண்டனிலிருந்து அனுப்பியது. ஒரே மருந்து இரண்டு கம்பனிப் பெயரில் இரண்டு தடவை உள்ளே போய்க்கொண்டிருக்கும், தலைசுற்றி விழும்வரை ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் எதையும் நிறுத்தவோ மாற்றவோ கூடாது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் புத்தகத்தோடு டொக்டரின் மேசையில் வைத்து "இவ்வளவும் எடுக்கிறா" என்று சொன்னால் போதும். அதோடு சீனி வருத்தக்காரருடைய உள்ளங்காலைப் பாருங்கள், அவர்களுக்குக் குனிய ஏலாது, முள் குத்தினாலும் உணர்ச்சி இருக்காது. மாரி மழைக்குப் பிறகு டெங்கு வருகிற மாதங்களில் காய்ச்சல் என்றால் பனடோல் தவிர வேறு நோக்குளிசை போடவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், 2018 இலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் அந்தச் சேவை இருக்கிறது. ஆனாலும் காசு கேட்பார்கள் என்று பயந்து கூப்பிடாத ஆட்களை நான் இப்பவும் சந்திக்கிறேன்.

ஆம்பிளைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் எந்த முதியோர் கூட்டத்துக்குப் போனாலும் முக்கால்வாசி பெண்கள்தான். மனைவி செத்த ஐயாமார் வீட்டை விட்டு வரமாட்டார்கள், "அது பொம்பிளையளின்ரை கூட்டம்" என்பார்கள். பஜனை, பட்டிமன்றம் என்று கூப்பிட்டால் வராத ஆட்கள் சீட்டில் முந்நூற்றுநாலு விளையாட ஒரு ஆள் குறைகிறது என்றால் வருவார்கள். நான்கு பேர் வேண்டும், மூன்று பேர் இருக்கிறார்கள், நீங்கள் வராவிட்டால் ஆட்டம் இல்லை. மேலே சொன்ன அதே விஷயம்தான், அவருக்கும் தன்னை எதிர்பார்க்க ஆள் வேண்டும். இதிலிருந்து நான் சொல்ல வருவது, நீங்கள் மட்டும் கொடுக்கிறவர், அவர்கள் மட்டும் வாங்குகிறவர்கள் என்று இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்ச நாளில் வாடிப்போகும். எங்கள் மண்டபத்தில் கண் தெரியாத ஒரு அப்பு பின்னேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறார். பெட்டி இழைக்கத் தெரிந்த ஆச்சி வளவில் விழுகிற பனையோலையைச் சார்வாக்கி வைத்துக்கொண்டு, வருகிற தொண்டர்களை இருத்திப் பழக்குகிறா, பிழைவிட்டால் கையில் தட்டுவா. நீங்களும் அங்கே எதையாவது பழகப் போங்கள்.

உடைந்துபோவேனா என்று கேட்டீர்கள். சில நாள் உடைவீர்கள், அதை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் போய்வருகிற ஆள் ஒரு நாள் செத்துப்போவார். செத்தவீட்டுக்குப் போவீர்கள், வெளிநாட்டுப் பிள்ளை நேரத்துக்கு வந்துசேராமல் வீடியோவில் பார்த்து அழும், போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்களாக இருக்கும். எட்டுச் செலவுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் உங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள், போங்கள், அது உங்களுக்கும் தேவை. அடுத்த புதன் மூன்று மணிதான் கஷ்டம். அந்த நேரத்தை உடனே இன்னொரு ஆளைக் கொண்டு நிரப்பாத அமைப்பாக இருந்தால் நல்லது. எங்கள் இடத்தில் அந்தியேட்டி முடியும்வரை அந்தத் தொண்டருக்குப் புதிய ஆளைக் கொடுப்பதில்லை, மண்டபத்தில் ரீ வேலையில் நிற்பார். உங்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: கணவர் போன துயரம் இன்னும் ஆறியிருக்காது. அதை மறக்கத்தான் போகிறீர்கள் என்றால், இன்னொரு விதவை ஆச்சியின் பக்கத்தில் இருக்கும்போது அது இரட்டிப்பாகக் கிளம்பும். ஆறு மாதத்துக்கு மேலாகச் சாப்பாடு, நித்திரை இரண்டும் குழம்பி, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதென்றால் அது வெறும் பொழுதுபோகாத பிரச்சினை இல்லை, முதலில் டொக்டரிடம் கதையுங்கள். 1926 க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இணைப்பு, எந்த நேரமும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மருந்தோடும் தொண்டு செய்யலாம்.

இனி எல்லைகள். காணி உறுதி, வங்கிப் புத்தகம், நகை, இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள், "நீ என்ரை மகள் மாதிரி, இதைக் கொஞ்சம் வைத்திரு" என்று கண்ணீரோடு தந்தாலும். அற்றோணித் தத்துவத்துக்கு, அதாவது சொத்தை இன்னொருவர் கையாள அதிகாரம் கொடுக்கிற பத்திரத்துக்கு, சாட்சிக் கையெழுத்து வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வளவுக்குப் பின்னால் நான்கு நாட்டில் உரிமைக்காரர் இருப்பார்கள், அன்பாகப் போன ஆள் கோர்ட்டில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அடி, பட்டினி, அறைக்குள் பூட்டிவைப்பது என்று கண்டால் நீங்களே வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாமல் அமைப்புக்கும், பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகளுக்கென்று இருக்கிற உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெற்றோரைக் கவனிக்காமல் விட்ட பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டு அதற்கான சபைக்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான ஆச்சிமார் "பிள்ளைக்கு மானக்கேடு" என்று மறுத்துவிடுவார்கள். வற்புறுத்தாதீர்கள், ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அமைப்பை எப்படிப் பார்த்துத் தெரிவது? நிர்வாகத்தில் முதியோர் இருக்கிறார்களா என்று பாருங்கள், பெயருக்குத் தலைவராக ஒரு ஐயாவை இருத்திவைப்பதைச் சொல்லவில்லை, காசுக் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கிற முதியோர். மண்டபத்துக்குள் சக்கர நாற்காலி ஏறுமா, மலசலகூடத்தில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். ஷெல்லில் கால் போன ஆட்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது, படி மூன்று வைத்துவிட்டு எல்லோரும் வரலாம் என்று சொல்லக்கூடாது. உலர் உணவுப் பொதியைக் கையில் கொடுத்து முகம் தெரியப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிற இடமாக இருந்தால் எனக்கு அங்கே நம்பிக்கை குறைவு. காசு அனுப்புகிற புலம்பெயர் உறவுகளுக்கு ஆதாரம் தேவை என்று சொல்வார்கள், அது எனக்கும் விளங்குகிறது, ஆனால் ஆதாரத்துக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது, கணக்கறிக்கை இருக்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கே படிப்பித்த மனிசன் பருப்புப் பையோடு படத்தில் நிற்கத் தேவையில்லை.

முதல் மாதம் ஒரே ஒரு ஆளைக் கேளுங்கள். இரண்டு, மூன்று வீடு தருகிறோம் என்பார்கள், ஆள் பற்றாக்குறை எங்கேயும்தான், வேண்டாம் என்று சொல்லுங்கள். நேரத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள், ரொறன்ரோவில் அப்போது விடியப்புறம்தான், கோல் வராது, ஆனாலும் அம்மாவுக்குப் புதன் பின்னேரம் வேலை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவது நல்லது. முதல் நாள் வெறுங்கையோடு போங்கள். சாமான் கொண்டுபோனால் அடுத்த கிழமையும் கையைப் பார்ப்பார்கள், அது இரண்டு பேருக்கும் சங்கடம். அவர் தருகிற ரீயைக் குடியுங்கள், எந்த வீடாக இருந்தாலும், எந்தக் கோப்பையாக இருந்தாலும், பாதியில் வைக்காமல்.

மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சரிவராது என்று தோன்றினால் விடலாம், அதில் குற்றம் இல்லை, எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால் அலுவலகத்துக்கு மட்டும் வட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அந்த ஆச்சியிடம் நேரே போய், அடுத்த கிழமையிலிருந்து நான் வரமாட்டேன், இன்னார் வருவா என்று சொல்லி, வரப்போகிற ஆளையும் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.